மிஸ்ஸி இல்லாத நேரத்துப் பிரஷர்

என் மனைவி அல்போன்சம்மாள் இருபத்திரண்டு வருடமாகச் சிறைச்சாலையில் இருக்கிறாள். இப்படிச் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். தேக்கா சந்தையில் எதிர்ப்பட்ட பழைய நண்பர் ஒருவர் என் தோளில் கையை வைத்து, "பிள்ளைங்கள ஒத்த ஆளாவா வளத்தீங்க லாசரஸ்?" என்று கேட்டே விட்டார். அவள் அங்கே தாதி வேலை பார்க்கிறாள் என்று நான் விளக்குவதற்குள், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மீன்காரர் மனமிரங்கி என் பையில் இரண்டு மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். நான் மறுக்கவில்லை.

தாதிப் பயிற்சி முடித்ததும் முதலில் அவள் ஒரு பெரிய மருத்துவமனையில்தான் இருந்தாள். அங்கே அவளுக்கு ஒத்துவரவில்லை. நோயாளிகள் சொன்ன தேதிக்கு வரமாட்டார்கள். வந்தால் காத்திருக்கமாட்டார்கள். கொடுத்த மாத்திரையை வீட்டு அலமாரியில் போட்டுவிட்டு, அடுத்த தடவை வந்து, "எல்லாம் சாப்பிட்டேன் மிஸ்ஸி" என்று வாய் கூசாமல் சொல்வார்கள். எங்கள் ஊரில் வயதானவர்களுக்குத் தாதி என்றால் இன்றைக்கும் மிஸ்ஸிதான். சிறையில் தாதி வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அங்க பேஷன்ட் யாரும் ஓடிப்போக முடியாதுலங்க?" என்றாள். கல்யாணத்துக்கு என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப்போனபோது கூட அவளை அவ்வளவு மலர்ச்சியாகப் பார்க்கவில்லை.

மார்சிலிங்கில் எங்கள் வீடு. சிறையோ எங்கள் தீவின் மறுகோடியில். ரயில் மாறி, பஸ் பிடித்து, கைத்தொலைபேசியை வாசலில் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போவாள். உள்ளே போனால் சாதாரண வேலைதான். சர்க்கரை, பிரஷர், சொறி, பல்வலி, இருமல். பாலிகிளினிக்கில் நடப்பதெல்லாம் அங்கேயும் நடக்கும். ஒன்று மட்டும் வித்தியாசம். மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தாதி நகர்ந்துவிட முடியாது. விழுங்கியவன் வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்க வேண்டும். இடது கன்னம், வலது கன்னம். இல்லாவிட்டால் மாத்திரையை வாய்க்குள் ஒதுக்கி வைத்து வேறொருவனுக்குக் கைமாற்றிவிடுவான். எல்லாத் தாதிகளும் செய்வதுதான் இது. மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அல்போன்சம்மாள் டார்ச் அடித்துப் பார்ப்பாள்.

வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் பாக்கியவான்கள். எங்கள் மகன் மார்வினுக்கும் மகள் ரெனீக்கும் சின்ன வயதில் சத்து மாத்திரை கொடுத்தாலும் டார்ச்தான். மார்வினுக்கு இப்போது முப்பது வயது; பூன் லேயில் தனி வீடு. இங்கே வந்து சாப்பிட்டு முடித்ததும் அவன் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அவன் மனைவி அதை முதல் தடவை பார்த்தபோது பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

கோயிலில் நடந்ததுதான் உச்சம். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் நற்கருணை அப்பம் வழங்க உதவும்படி பங்குத்தந்தை இவளைக் கேட்டிருந்தார். முதல் நாள், முதல் வரிசை. ஒரு பெரியவர் "ஆமென்" சொல்லி நாவில் வாங்கிக்கொண்டார். நகரப் பார்த்தவரை இவள் விடவில்லை. "நாக்கத் தூக்குங்க" என்றாள். அவர் பக்தியோடு தூக்கினார். "லெஃப்ட்டு" என்றாள். பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஐந்தாவது ஆளாக நின்ற எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவளை பீடத்துக்குப் பூ வைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

சிறைக்குள் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கைதியின் பெயரைக் கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். ஆகவே நான் இப்போது சொல்லப்போகும் மனிதருக்குச் செல்லக்கண்ணு என்பது நானாக வைத்த பெயர்.

செல்லக்கண்ணுவுக்கு அறுபத்தெட்டு வயது. வரி கட்டாத சிகரெட்டை விற்று மாட்டிக்கொண்டவர். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் அடியோடு போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். ஒருநாள் மகள் கைக்குழந்தையோடு பார்க்க வந்திருக்கிறாள். நடுவில் கண்ணாடித் தடுப்பு. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இவரோ அவள் மடியில் சுருட்டி வைத்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்து, "என் ராசா, எம்மாம் பெருசா வளந்துட்டே!" என்று நேரம் முடியும்வரை கொஞ்சியிருக்கிறார். மகளும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு உண்மை பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மாத்திரை வாங்க வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது என்று அல்போன்சம்மாள் சொன்னாள். சொல்லும்போது இவளுக்கும் சிவந்தது.

வெளி மருத்துவமனையில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை ஏற்பாடானது. ஒரே ஒரு நிபந்தனை. கிளம்பும் காலையில் பிரஷர் மேல் எண் நூற்றெண்பதைத் தாண்டக் கூடாது. முதல் தேதியில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ரத்து. இரண்டாம் தேதியில் நூற்றுத் தொண்ணூற்றாறு. அதுவும் ரத்து. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கூட்டியதில் மனிதர் எழுந்தால் தலை சுற்றி மறுபடி உட்கார்ந்தார். பிரஷர் மட்டும் இறங்கவில்லை. அல்போன்சம்மாள் மருத்துவமனைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்து மூன்றாவது தேதி வாங்கினாள். "இதுவும் போச்சுன்னா அடுத்த வருஷம்தான் மேடம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கண் அடுத்த வருடம்வரை தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாவது தேதிக்கு எட்டு நாள் இருந்தது. அல்போன்சம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரையை அவர் எங்கேயோ ஒளிக்கிறார் என்பதுதான் அவள் முடிவு. அவரே கண்ணுக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருக்கிறார், அவர் எதற்கு ஒளிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "உங்களுக்கு ஜெயிலப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஸ்டோரில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்குச் சிறையைப் பற்றித் தெரியாது என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் செல்லக்கண்ணுவின் பல்செட்டைக் கழற்றச் சொன்னாள். அதன் அடியில் கொஞ்சம் கீரை இருந்தது. உடனே பிரஷர் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அன்று வீட்டுக்கு வந்து கீரைக் கதையைச் சொல்லிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்தாள். பேச்சோடு பேச்சாக, "நான் லீவுல இருந்தப்ப இந்த அஃப்ரீன் பாத்துருக்கா. நூத்து முப்பத்தெட்டுன்னு எழுதி வச்சிருக்கா. கையில பட்டையச் சரியாக் கட்டத் தெரியல அவளுக்கு" என்றாள். அஃப்ரீன் அவளோடு வேலை பார்க்கும் தாதி. முப்பது வயதுதான் இருக்கும், பொறுமைசாலி. இவளோடு ஒரே அறையில் வேலை பார்க்கிறாள் என்பதிலிருந்தே அது தெரியும்.

அதைக் கேட்டதும் என் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

ஏனென்றால் எனக்கும் அதே கதைதான். பாலிகிளினிக்கில் எனக்கு எப்போது பார்த்தாலும் நூற்று முப்பதுக்குள். வீட்டில் இவள் பார்த்தால் நூற்றறுபது. பாலிகிளினிக் மெஷின் பழுது என்று சொல்லி, ஒன்பது வருடமாக இந்த வீட்டில் கருவாட்டை உள்ளே விடவில்லை. எனக்குக் காரணம் தெரியும். அவள் பட்டையைக் கையில் சுற்றி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஆடாதீங்க" என்று ஒரு அதட்டல் போடுவாள் பாருங்கள், அங்கேயே முப்பது ஏறிவிடும். இத்தனை வருடமாக நான் சொல்லவில்லை. கருவாடு போனால் போகட்டும், வீட்டில் நிம்மதி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோழை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இப்போது ஒரு மனிதரின் கண் போகப்போகிறது.

"அல்போன்சு, பட்டையில ஒண்ணும் இல்ல. நீதான்" என்றேன்.

"நான் என்ன?"

"உன்னப் பாத்துத்தான் அவருக்கு ஏறுது."

"அவருக்குத்தான் கண்ணே தெரியாதே!"

"காது தெரியுமே."

அவள் எழுந்துபோய் மெஷினை எடுத்து வந்தாள். நான் பயந்த மாதிரி என் தலையில் போடவில்லை. என் கையில் கட்டி, பக்கத்தில் நின்று பொத்தானை அமுக்கினாள். நூற்று அறுபத்தொன்று. பிறகு வெளியே காரிடாரில் போய் நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். "அமுக்குங்க!" என்று வெளியிலிருந்து ஒரு குரல். அந்தக் குரல் அடங்கும்வரை காத்திருந்து அமுக்கினேன். நூற்று இருபத்தேழு. உள்ளே வந்தாள், நூற்று ஐம்பத்தொன்பது. வெளியே போனாள், நூற்று இருபத்தாறு. எதிர் வீட்டு அப்துல் கையூம் கதவைத் திறந்து, "என்ன ஆன்ட்டி, சாவியத் தொலச்சிட்டீங்களா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது. "இல்ல தம்பி. நான் உள்ள இருந்தா அவருக்கு ஏறுதாம்" என்றாள். அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

நான்காவது தடவை பார்த்த பிறகு அவள் உள்ளே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். செருப்பு அடுக்கும் பலகை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அழுது நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"நல்லது பண்றேன்னு நெனச்சிட்டு இருந்தேங்க. இத்தன வருஷமா எல்லாரையும் பயங்காட்டிட்டா இருந்தேன்?"

"நல்லதுதான் பண்றே."

"நீங்களுமா பயப்படுறீங்க?"

"எனக்குப் பழகிருச்சு லா" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளிலிருந்து மெதுவாகப் பேசிப் பழக ஆரம்பித்தாள். பழகிப்பார்க்க ஆள் நான்தான். அறைக்குள் சத்தமில்லாமல் வந்து, காதோரம் குனிந்து, தேன் ஒழுக, "சாப்பிட வாங்களேன்" என்றாள். நான் நாற்காலியோடு ஓரடி நகர்ந்துவிட்டேன். அவள் அதட்டும்போதாவது என்ன தப்புச் செய்தேன் என்று தெரியும். அன்று பார்த்தபோது நூற்று எழுபத்திரண்டு. என் ஆயுளில் அதுதான் அதிகம்.

"இது ஆவாது. அன்னைக்கு நான் அவர் பக்கத்துலயே போகக் கூடாது" என்றாள். சொல்வது சுலபம். முக்கியமான நாளில் வேறொருத்தி கையில் வேலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது அவள் ரத்தத்திலேயே இல்லை. நானாக இருந்தால் சந்தோஷமாக லீவு போட்டிருப்பேன்.

மூன்றாவது தேதியான அந்த வியாழக்கிழமை அவள் லீவு போடவில்லை. அஃப்ரீனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, மருந்து ஸ்டோருக்குள் போய், கையுறைப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். இடுப்பு வலிக்காரி. கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

செல்லக்கண்ணுவைக் கூட்டி வந்து உட்காரவைத்தார்கள்.

"மிஸ்ஸி எங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்கு நான்தான் பாக்கப்போறேன் அங்கிள்" என்றாள் அஃப்ரீன்.

"அப்பாடா" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

அல்போன்சம்மாள் இதை என்னிடம் சொல்லும்போது அந்த "அப்பாடா"வை அவர் சொன்ன மாதிரியே மூன்று தடவை சொல்லிக் காட்டினாள். அந்த ஒரு வார்த்தை குத்தியதில் அவள் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறாள். தோள் பட்டு ஒரு பெட்டி கீழே விழுந்தது.

"யாரது?" என்று செல்லக்கண்ணு பதறினார்.

"எலியா இருக்கும் அங்கிள். ரிலாக்ஸ்."

"எலியா? மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க. அவங்க ஒரு அதட்டல் போட்டா எலியே வாயத் தொறந்து நாக்கத் தூக்கிக் காட்டும்!"

அஃப்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். நின்றிருந்த காவல் அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே மெஷின் ஓடி நின்றது. நூற்று நாற்பத்தொன்று. ஸ்டோருக்குள் எலி தன் புறங்கையைக் கடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கவா, கோபத்தை அடக்கவா என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை.

வண்டி கிளம்பியது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டதில் அல்போன்சம்மாளை ஸ்டோரிலிருந்து எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கட்டு பிரித்த பிறகு தினமும் நான்கு வேளை கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். முதல் இரண்டு நாள் அஃப்ரீன் விட்டாள். மூன்றாம் நாள் அவளுக்கு வேறு பக்கம் வேலை. அல்போன்சம்மாள்தான் போக வேண்டும். வாசலில் நின்று செபமாலையைப் பிடிப்பதுபோல் சொட்டு மருந்துப் புட்டியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமலே காரியத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு உள்ளே போனாள்.

செல்லக்கண்ணு அவளைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த 'கை கழுவும் முறை' தாளை ஏழு படியும் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு மறுபடி முதல் படிக்குப் போனார். முதலில் பிரஷர் பார்த்துவிட அவள் பட்டையை எடுத்து அவர் கையில் சுற்றினாள்.

"புதுசாம்மா நீ?" என்றார் அவர்.

"ம்" என்றாள்.

நூற்று முப்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஓர் எண் தன் கையில் வந்ததே இல்லை என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் கைதட்டினேன்.

"பெரிய மிஸ்ஸி இல்லையா? அவங்கதான் போன்ல சண்ட போட்டு எனக்கு டேட்டு வாங்கிக் குடுத்தாங்களாம். அந்தப் பொண்ணு சொல்லுச்சு. தேங்க்ஸ் சொல்லணும். ஆனா நேர்ல பாத்தா எனக்கு வாய் வராதும்மா" என்றார் செல்லக்கண்ணு.

"ஏன்?" என்றாள் இவள், மூச்சு விடுகிற சத்தத்தில்.

"ஆறடி உசரம்லா! தோளு இப்படி இருக்கும்." இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "நடந்து வந்தா தரையே அதிருது. பொம்பளையில இப்படி ஒரு சைஸ நான் பாத்ததில்ல."

அல்போன்சம்மாள் நான்கடி பத்து அங்குலம். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க எட்டாது. எவ்வளவோ அடக்கிப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை.

"யாரு ஆறடி?"

சொந்தக் குரலே வந்துவிட்டது. செல்லக்கண்ணு துள்ளி எழுந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிவிட்டார். திறந்த வாயோடு குரல் வந்த உயரத்தைத் தேடினார். அங்கே ஒருவரும் இல்லை. மெதுவாகக் கண்ணைக் கீழே இறக்கினார்.

"நீங்களா?" என்றார்.

"நான்தான்."

"இத்தனூண்டா?"

அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்தார். அல்போன்சம்மாளுக்கு வேலைதான் முக்கியம். பட்டை கையிலேயே இருந்ததால் மறுபடி பொத்தானை அமுக்கினாள். நூற்று முப்பத்தாறு.

"தேங்க்ஸ் மிஸ்ஸி" என்றார் அவர், சிரிப்பு நின்ற பிறகு. "இருங்க, இன்னும் கொஞ்சம் பாத்துக்குறேன்."

"என்னத்தப் பாக்குறது? தலையச் சாய்ங்க, மருந்து விடணும்."

அவர் தலையைச் சாய்த்தார். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. புதுக் கண்ணால் அவள் நெற்றி, மூக்கு, மூக்குக்கண்ணாடி, காதோர நரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாரும் என் கையத்தாங்க பாப்பாங்க, மாத்திரைக்காக. இல்லாட்டி தரையப் பாப்பாங்க. மூஞ்சிய யாரும் பாத்ததே இல்ல" என்று அன்று மாலை என்னிடம் சொன்னாள். அது ஒரு குறை என்றே இத்தனை நாள் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை, அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் அப்படிப் பார்த்ததில் முதல் சொட்டு அவர் மூக்கின் மேல் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். "மிஸ்ஸிக்குக் கண்ணு தெரியலயா?" என்று செல்லக்கண்ணு கேட்டார். அல்போன்சம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது சொட்டு சரியாக விழுந்தது.